ஒரு பழம் என்றால் எத்தனை கிராம்? பழத்தின் அளவையும் கலோரியையும் வீட்டிலேயே கணக்கிடும் முறை

"தினமும் ஒரு பழம் சாப்பிடுங்கள்" என்பதைப் போலத் தெளிவாகத் தோன்றும் ஆலோசனை வேறில்லை. அதைவிடக் குழப்பமான ஆலோசனையும் வேறில்லை. ஏலக்கி வாழைப்பழத்தை உரித்தால் 40 கிராம் சதை தேறும். நல்ல நேந்திரம்பழத்தில் 150 கிராமுக்குக் குறையாது. கணக்கில் இரண்டுமே "ஒரு பழம்"தான். ஆனால் முதலாவதில் 45 கலோரி, இரண்டாவதில் 170க்கு மேல். மாம்பழம் இதைவிட மோசம்: கைக்குள் அடங்கும் செந்தூரமும் ஒரு பழம், அரைக் கிலோவைத் தாண்டும் மல்கோவாவும் ஒரு பழம்.

அதனால் எண்ணிக்கையை விட்டுவிட்டு எடைக்கு வர வேண்டும். ஒரு வாரம் தராசு வைத்துப் பழகினால் போதும், அதன்பின் கண்ணே அளந்துவிடும்.

எந்த அலகில் அளப்பது?

நாட்டுக்கு நாடு "ஒரு பங்கு" மாறுகிறது. பிரிட்டனில் 80 கிராம் பழம் ஒரு பங்கு. அமெரிக்காவில் கோப்பைக் கணக்கு. சர்க்கரை நோய்க்கு உணவு ஆலோசனை சொல்பவர்கள் பயன்படுத்தும் அலகு வேறு: 15 கிராம் மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்) உள்ள பழ அளவு ஒரு பங்கு. மாவுச்சத்து கிராமுக்கு 4 கலோரி தருவதால் ஒரு பங்குக்கு 60 கலோரி. நம் வீட்டுக்குப் பொருந்துவது இதுதான். தர்பூசணியையும் பலாவையும் ஒரே 80 கிராமில் நிறுத்தினால் ஒன்று 25 கலோரியைத் தொடாது, இன்னொன்று 75ஐத் தாண்டும். 60 கலோரி அலகில் எந்தப் பழமும் எந்தப் பழத்துக்கும் ஈடு.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. நடுத்தர இட்லி ஒன்று ஏறக்குறைய 60 கலோரி. ஆக, ஒரு பங்கு பழம் என்பது ஒரு இட்லி. இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் பாதிக் கணக்கு முடிந்தது.

அளக்கும் முறை

ஒரு கிராம் துல்லியம் காட்டும் டிஜிட்டல் சமையல் தராசு போதும். காலிக் கிண்ணத்தைத் தராசில் வைத்து, "டேர்" பட்டனை அழுத்திச் சுழியத்துக்குக் கொண்டு வாருங்கள். பழத்தைக் கழுவி, தோல், கொட்டை, நடுத்தண்டு எல்லாம் நீக்கி, வாய்க்குள் போகும் பகுதியை மட்டும் கிண்ணத்தில் போடுங்கள். வரும் கிராமை, அந்தப் பழத்தின் 100 கிராம் கலோரியால் பெருக்கி 100ஆல் வகுத்தால் விடை. 220 கிராம் பங்கனபள்ளிச் சதை, 100 கிராமுக்கு 65 கலோரி என்றால் 143. அதாவது இரண்டரை இட்லிக்குச் சற்றுக் குறைவு.

அதிகம் பேர் சறுக்கும் இடம் தோலோடு எடை போடுவது. வாழைப்பழத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தோல். மாம்பழத்தில் தோலும் கொட்டையுமாக மூன்றில் ஒரு பங்கு போகும். அன்னாசியில் ஏறக்குறையப் பாதி, மாதுளையிலும் சீத்தாவிலும் நாற்பது சதவீதத்துக்கு மேல் கழிவு. பலாவில் முள்தோல், சடை, கொட்டை எல்லாம் போனால் முழு எடையில் மூன்றில் ஒரு பங்கு சுளை கிடைப்பதே பெரிது. கடைத்தராசின் எடையைக் கணக்கில் போட்டால் கலோரி இரட்டிப்பாகத் தெரியும். "பழமே கூடாது போலிருக்கிறதே" என்ற பயம் பல வீடுகளில் இப்படித்தான் வருகிறது.

தராசு இல்லையென்றால் 200 மி.லி. டம்ளர் உதவும். நறுக்கிய பப்பாளி அதில் 120 கிராம் பிடிக்கும். தர்பூசணித் துண்டு 130. மாம்பழம், அன்னாசித் துண்டுகள் 140. மாதுளை முத்து 145 கிராம் அளவில் வரும். துண்டு சிறியதானால் இடைவெளி குறைந்து எடை கூடும். இது தோராயம்தான், இருந்தாலும் "ஒரு கிண்ணம்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதைவிட மேல்.

60 கலோரிக்கு எவ்வளவு?

கீழே உள்ள எடைகள் எல்லாம் உண்ணும் பகுதிக்கு.

வாழையில் ரகம் முக்கியம். மோரிஸ் என்று விற்கும் நீளமான பச்சை வாழை ரகத்தில் 65 கிராம். பெரிய பழமென்றால் பாதியே அவ்வளவு வந்துவிடும். பூவன், ரஸ்தாளி, கற்பூரவள்ளி, மலைவாழை போன்றவற்றில் நீர் குறைவு, இனிப்பு அடர்த்தி கூடுதல் என்பதால் 50 முதல் 55 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: சுமாரான பூவன் ஒன்று. ஏலக்கியானால் ஒன்றேகால். செவ்வாழையில் பாதிக்கும் குறைவு. நேந்திரத்தில் மூன்றில் ஒரு பங்கு. செவ்வாழை சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் பரவியிருக்கிறது. நிறம் சிவப்பு என்பதைத் தவிர அதில் சலுகை ஒன்றும் இல்லை. பருமனால் கலோரி கூடுதல்.

மாம்பழத்தில் 80 முதல் 100 கிராம். நடுத்தரப் பங்கனபள்ளியில் ஒரு பக்கக் கன்னம், கொட்டையை விட்டு அறுத்தது, அவ்வளவு வரும். பலாவில் 65 கிராம்: பெரிய சுளை இரண்டு, சிறியது மூன்று. சப்போட்டா 60 முதல் 70 கிராம், அதாவது நடுத்தரப் பழம் ஒன்று. சீத்தாவில் சதை மட்டும் 60 கிராம், நடுத்தரப் பழத்தில் பாதி. மாதுளை முத்து 70 முதல் 85 கிராம், அரை டம்ளர். திராட்சை 85 கிராம். விதையில்லாத பச்சைத் திராட்சையில் பதினேழு போல வரும். கம்பம் பக்கத்துப் பன்னீர்த் திராட்சையை விதையும் தோலும் துப்பிச் சாப்பிடுபவர்கள் கூட நாலைந்து சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்து, தாராளமாகத் தட்டில் வைக்கக்கூடியவை. கொய்யா 90 முதல் 110 கிராம், கைக்கடக்கமான பழம் ஒன்று. ஆரஞ்சு, கமலா உரித்தது 125 கிராம்; சாத்துக்குடி 140. அன்னாசி 120. ஆப்பிள் 100 முதல் 115, ஆனால் கடையில் மெழுகுப் பளபளப்போடு அடுக்கியிருக்கும் ஆப்பிள் ஒன்று 200 கிராம் இருக்கும், அது ஒன்றரைப் பங்குக்கு மேல். நாவல் 100 கிராம். பப்பாளி 150 கிராம், டம்ளரை நிரப்பி மேலும் கொஞ்சம். முலாம்பழம் 175. தர்பூசணி 200 கிராம், ஒன்றரை டம்ளர்.

உலர்ந்தவற்றில் தண்ணீர் போய்விட்டதால் அளவு சட்டென்று சுருங்கிவிடுகிறது. பேரீச்சை 20 கிராம்: சிறியது மூன்று, மெட்ஜூல் என்று பெட்டியில் வரும் பெரிய ரகத்தில் ஒன்றே. உலர்திராட்சை 20 கிராம், மேசைக்கரண்டியில் இரண்டு. ஒரு கைப்பிடி உலர்திராட்சையைக் கொறிப்பவர் 85 கிராம் பச்சைத் திராட்சையைப்போல இரண்டு மடங்கை ஒரே வாயில் போட்டுவிடுகிறார். வயிறு நிறைந்த உணர்வு வருவதற்குள் கைப்பிடி தீர்ந்துவிடும்.

அவகாடோவை இந்தப் பட்டியலில் வைக்கவே கூடாது. ஜூஸ் கடையில் பட்டர் ஃப்ரூட் என்று கேட்டு வாங்குகிறோமே, பெயர் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். 100 கிராமில் 160 கலோரி, பெரும்பாலும் கொழுப்பு. நல்ல கொழுப்புதான், ஆனால் அதைச் சாப்பிடும் நாளில் குறைக்க வேண்டியது எண்ணெயையும் தேங்காயையும்.

அட்டவணைகள் ஏன் ஒத்துப்போவதில்லை?

இணையத்தில் தேடினால் ஒரே பழத்துக்கு மூன்று எண்கள் வரும். எல்லாமே ஓரளவு சரி. அமெரிக்க அட்டவணையில் வாழைப்பழம் 100 கிராமுக்கு 89 கலோரி, பழைய இந்திய அட்டவணையில் 116. அவர்கள் அளந்தது நீர் மிகுந்த நீள ரகம், நாம் அளந்தது நம்மூர்ப் பழம். கொய்யாவுக்கு அங்கே 68, இங்கே 51. பப்பாளி அங்கே 43, இங்கே 32. ரகம், பழுத்த அளவு, நீர், நார்ச்சத்துக்குக் கலோரி போடுவதா வேண்டாமா என்ற கணக்குமுறை, இவையெல்லாம் சேர்ந்து இந்த வித்தியாசம். மேலே கொடுத்த எடைகளில் இந்த இரண்டு எண்களுக்கும் இடமிருக்கிறது.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல் வெளியிட்ட அட்டவணையைத் திறப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அதில் ஆற்றல் கிலோஜூலில் இருக்கும். பார்த்ததும் பழங்களில் நானூறு ஐந்நூறு கலோரியா என்று அதிர வேண்டாம், 4.18ஆல் வகுத்தால் நாம் பேசும் கலோரி வந்துவிடும்.

பத்து கலோரிக்காக மண்டையை உடைத்துக்கொள்ளவும் வேண்டாம். ஒரே குலையில் முதல் சீப்புக்கும் கடைசிச் சீப்புக்குமே அவ்வளவு வித்தியாசம் இருக்கும். இந்தக் கணக்கு 60க்கும் 170க்கும் உள்ள தூரத்தைப் பிடிப்பதற்குத்தான்.

பழுக்கப் பழுக்கக் கலோரி ஏறுமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. வாழைக்காயில் இருக்கும் ஸ்டார்ச் பழுக்கும்போது சர்க்கரையாக மாறுகிறது. மொத்த மாவுச்சத்து பெரிதாக மாறுவதில்லை. ஆகவே கலோரி ஏறக்குறைய அதே. மாறுவது வேகம். கரும்புள்ளி விழுந்த பழம் இரத்தச் சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றும், காம்பில் பச்சை நிற்கும் பழம் மெல்ல ஏற்றும்.

ஒரு நாளைக்கு எத்தனை பங்கு?

உலக சுகாதார நிறுவனம் பழமும் காய்கறியும் சேர்த்து நாளுக்குக் குறைந்தது 400 கிராம் என்கிறது. உருளைக்கிழங்கு போன்ற கிழங்குகள் இதில் சேராது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் தந்த வழிகாட்டி, 2000 கலோரி உணவுக்குக் காய், கீரை 400 கிராம், பழம் 100 கிராம் என்று பிரிக்கிறது. அந்தத் தட்டில் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், பால் அல்லது தயிர் 300 மி.லி. இருக்கின்றன. காய்க்கும் பழத்துக்கும் நான்குக்கு ஒன்று என்ற விகிதத்தைக் கவனியுங்கள். பழம் சாப்பிடுகிறோமே என்று பொரியலைக் குறைத்தால் தட்டு தலைகீழாகிவிடும்.

நடைமுறையில், நோய் எதுவும் இல்லாத, உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒருவருக்கு நாளுக்கு 2 பங்கு தாராளம். 120 கலோரி, பழத்தைப் பொறுத்து 100 முதல் 400 கிராம் வரை. வெயிலில் உடலுழைப்பவர்களும் விளையாட்டுப் பயிற்சியில் இருப்பவர்களும் 3, 4 பங்கு எடுத்துக்கொள்ளலாம். எடை குறைக்க 1200 அல்லது 1500 கலோரியில் இருப்பவர்களும் 2 பங்கைக் குறைக்கத் தேவையில்லை. கொய்யா, பப்பாளி, ஆரஞ்சு, தர்பூசணி என்று எடை கூடிய, கலோரி குறைந்த பக்கம் நின்றால் வயிறும் நிறையும். பள்ளிப் பிள்ளைகளுக்கு டிபன் டப்பாவில் ஒரு பங்கு, மாலையில் ஒரு பங்கு.

பழத்தால் எடை ஏறுகிறது என்ற குற்றச்சாட்டைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். இரண்டு பங்கு பழம் 2000 கலோரியில் ஆறு சதவீதம். ஒரு மெதுவடையே 100 கலோரியைத் தாண்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் அப்படித்தான். எடை ஏற்றுவது பெரும்பாலும் பழம் அல்ல, வயிறு முட்டச் சாப்பிட்டு எழுந்தபின் "உடம்புக்கு நல்லது" என்று மேலே ஏற்றும் பழம். ஆகவே விதி இதுதான்: பழம் எதற்காவது பதிலாக வர வேண்டும்.

எதற்குப் பதிலாக? காலையில் நாலு இட்லி சாப்பிடுபவர் மூன்றோடு நிறுத்தி ஒரு கொய்யா. மாலை டீயோடு வரும் பஜ்ஜி, முறுக்கு, பிஸ்கட்டின் இடத்தில் ஒரு பங்கு பப்பாளி. மதியம் வெந்த சாதம் 100 கிராமுக்கு 130 கலோரி. ஒரு சிறு கரண்டி, 45 கிராம் குறைத்தால் ஒரு பங்குக்கு இடம் கிடைக்கும். தயிர்சாதத்துக்கு மாம்பழம் தொட்டுக்கொள்வதை யாரும் விட வேண்டியதில்லை. 150 கிராம் தயிர்சாதத்தோடு ஒரு கன்னம் மாம்பழம் வைத்தால் அதுவே சாப்பாடு. முழுச் சாப்பாடு முடிந்தபின் தயிர்சாதம், அதற்குத் துணையாக ஒரு முழுப் பழம் என்று போகும்போதுதான் சித்திரை, வைகாசியில் இடுப்புப் பட்டை ஒரு துளை தள்ளிப்போகிறது.

சாப்பிடும் நேரம் குறித்து உலாவும் பேச்சில் பெரும்பாலானதை விட்டுவிடலாம். சாப்பாட்டுக்குப் பிறகு உண்ணும் பழம் வயிற்றில் அழுகும் என்பது தவறு. வயிற்றில் இருக்கும் அமிலத்தில் எதுவும் அழுகும் வரை காத்திருப்பதில்லை. மாறாக, உணவோடு சேர்த்துச் சாப்பிடுவதில் ஒரு லாபமே உண்டு. கீரை, பருப்பு, கேழ்வரகு இவற்றில் உள்ள இரும்புச்சத்து உடலில் சுலபமாகச் சேராது. அதே வேளையில் வைட்டமின் சி கிடைத்தால் கூடுதலாகச் சேரும். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது, ஆரஞ்சில் 50 அளவில். இரத்தசோகை உள்ள பெண்களுக்கு முருங்கைக்கீரைச் சாப்பாட்டோடு நாலு துண்டு கொய்யா அல்லது ஒரு நெல்லிக்காய் என்பது நல்ல ஏற்பாடு. கை கழுவிய உடனே டீ குடித்தால் அந்த லாபம் போய்விடும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம்.

இரவு உணவாக வெறும் பழத்தட்டு வைத்துக்கொள்ளும் பழக்கத்துக்கு ஒரு வார்த்தை. அரைக் கிலோ கலப்புப் பழத்தில் 250 முதல் 300 கலோரி இருக்கும், புரதம் 5 கிராம்கூடத் தேறுவது கடினம். பத்தரை மணிக்குப் பசிக்கும், பிஸ்கட் டப்பா திறக்கும். இரண்டு பங்கு பழத்தோடு ஒரு கிண்ணம் சுண்டலோ, ஒரு முட்டையோ, கெட்டித் தயிரோ சேர்த்தால் அந்தப் பிரச்சினை இல்லை.

டம்ளரில் ஊற்றினால் என்ன ஆகிறது?

200 மி.லி. ஆரஞ்சுச் சாறு எடுக்க மூன்று பழம் போல வேண்டும். சீனி போடாவிட்டாலும் 90 கலோரி. ஒன்றரைப் பங்குதானே என்று தோன்றலாம். ஆனால் நார் வடிகட்டியிலேயே நின்றுவிட்டது. பதினைந்து நிமிடம் உரித்து மென்று சாப்பிட வேண்டியது அரை நிமிடத்தில் இறங்கிவிட்டது. மெல்லாத கலோரியை வயிறு சரியாகக் கணக்கு வைப்பதில்லை, அடுத்த வேளைச் சாப்பாடு குறையாது. உலக சுகாதார நிறுவனம் இதனால்தான் முழுப்பழத்தின் இனிப்பை ஒரு பக்கமும் சாற்றின் இனிப்பை இன்னொரு பக்கமும் வைக்கிறது. பழத்துக்குள் இருக்கும் சர்க்கரைக்கு அது வரம்பு போடவில்லை. சாற்றுக்குள் இருப்பதை சீனி, வெல்லம், தேன் வரிசையில் சேர்த்து, எல்லாம் சேர்ந்து மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள், முடிந்தால் 5 சதவீதத்துக்குள் என்கிறது. 2000 கலோரியில் 5 சதவீதம் என்றால் 25 கிராம். அந்த ஒரு டம்ளர் ஆரஞ்சுச் சாறே 17 கிராமைத் தொட்டுவிடும்.

கடை ஜூஸின் கணக்கு வேறு ரகம். சப்போட்டா மில்க் ஷேக்கைப் பிரித்துப் பாருங்கள்: இரண்டு பழம் 125 கலோரி, பால் 150 மி.லி. 90, சீனி 20 கிராம் 80, மேலே ஒரு ஸ்கூப் ஐஸ்கிரீம் 120. மொத்தம் 415, ஏழு இட்லி. ஏழு இட்லியை ஒரே மூச்சில் யாரும் சாப்பிட மாட்டார்கள். பட்டர் ஃப்ரூட் ஜூஸும் பால், சீனியோடு 400ஐத் தொடும். "சீனி இல்லாமல்" என்று சொன்னால் மட்டும் போதாது. சில கடைகளில் தனியாகச் சீனிப்பாகு இருக்கும், ரோஸ் சிரப் இருக்கும், அதையும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஐஸ் குறைவாகக் கேளுங்கள். குளிர்ச்சி கூடினால் நாக்குக்கு இனிப்பு மட்டுப்படும், அதை ஈடுகட்டத்தான் சீனி கூடுதலாக விழுகிறது.

அட்டைப்பெட்டியில் வரும் பானங்களில் பெரிய எழுத்தை விட்டுவிட்டு, பின்பக்கச் சிறிய எழுத்தைப் படியுங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி பழ பானத்தில் 10 சதவீதம் பழம் இருந்தாலே போதும், எலுமிச்சைக்கு 5. மீதி தண்ணீரும் சீனியும். அடர்சாற்றில் தண்ணீர் கலந்து செய்ததை "100 சதவீதம் பழச்சாறு" என்று போடக்கூடாது என 2024 ஜூனில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உத்தரவிட்டது. அட்டவணையில் "மொத்தச் சர்க்கரை" வரியைப் பெட்டியின் அளவால் பெருக்குங்கள். 100 மி.லி.க்கு 12 கிராம் என்றிருந்தால் 200 மி.லி. பெட்டியில் 24 கிராம்: ஐந்து தேக்கரண்டி சீனி.

மிக்ஸியில் முழுப்பழத்தையும் அரைத்து வடிகட்டாமல் குடித்தால் நார் மிஞ்சுகிறது, சாறைவிட மேல். அளவை மட்டும் முன்பே நிறுத்துப் போடுங்கள். ஜாருக்குள் போனபின் மூன்று பழமும் ஒன்று போலத்தான் தெரியும்.

ஃப்ரூட் சாலட்டில் கஸ்டர்ட், கண்டென்ஸ்டு மில்க், தேன் விழுந்துவிட்டால் அது இனிப்புப் பண்டம். பஞ்சாமிர்தமும் அப்படியே, வாழைப்பழம் இருக்கிறது என்பதற்காகப் பழக் கணக்கில் எழுதாமல் பிரசாத அளவில் ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொள்ளலாம். மாங்காய், கொய்யா, அன்னாசிக்கு உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக்கொள்வதில் கலோரி இல்லை, உப்பு இருக்கிறது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மிளகாய்த்தூளோடு எலுமிச்சை பிழிந்து உப்பை விடலாம்.

சர்க்கரை நோய் இருந்தால்

"சுகருக்கு எந்தப் பழம் சாப்பிடலாம்?" என்றே எல்லோரும் கேட்கிறார்கள். எவ்வளவு என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. சர்க்கரை இல்லாத பழம் கிடையாது, நாவல்பழத்திலும் உண்டு. தர்பூசணி இரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும் பழம் என்று அட்டவணைகளில் மேலே நிற்கும். ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர். 120 கிராம் துண்டில் 9, 10 கிராம் மாவுச்சத்துதான். மறுபுறம் பேரீச்சை வேகத்தில் நடுத்தரமாக நின்றாலும், ஐந்தாறு சாப்பிட்டால் அளவாலேயே ஏற்றிவிடும்.

ஒரு தடவைக்கு ஒரு பங்கு. நாளுக்கு இரண்டு என்றால் இரண்டு வேளைகளில், இடையில் நாலைந்து மணி நேரம் விட்டு. தனியாக வெறும் வயிற்றில் சாப்பிடுவதைவிட, பத்து வேர்க்கடலையோ நாலைந்து பாதாமோ சேர்த்தால் ஏற்றம் மெதுவாகும். சாதத்தோடு சாப்பிட்டால் சாதத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

உங்கள் உடம்புக்கு எது ஒத்துக்கொள்கிறது என்பதை குளுக்கோமீட்டரே சொல்லும். பழத்துக்கு முன் ஒரு முறை பாருங்கள். 60 கலோரி அளவு நிறுத்துச் சாப்பிட்டு, முதல் வாய் வைத்ததிலிருந்து சரியாக 2 மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். அந்த நேரத்தில் வேறு எதுவும் சாப்பிடாமல், புதிதாக நடைப்பயிற்சியும் செய்யாமல் இருந்தால்தான் ஒப்பீடு சரியாக வரும். 180க்குள் நின்றால் அந்த அளவு தாங்குகிறது. மருத்துவர் வேறு இலக்கு சொல்லியிருந்தால் அதுவே கணக்கு. தாண்டினால் பழத்தை விலக்கும் முன் அளவைப் பாதியாக்கி இன்னொரு நாள் பாருங்கள். மாம்பழம் ஆகாது என்று பத்து வருடம் ஒதுக்கி வைத்தவர்களில் பலருக்கு 50 கிராம் தாராளமாக ஆகும்.

வாங்குவதும் வைப்பதும்

வாரக் கணக்குப் போட்டு வாங்கினால் வீணாகாது. இரண்டு பேருக்கு, நாளுக்கு 2 பங்கு வீதம் வாரத்துக்கு 28 பங்கு. ஒன்றரைக் கிலோ பப்பாளி ஒன்றில் ஆறு பங்கு, ஒரு கிலோ கொய்யாவில் பத்து, பூவன் ஒரு சீப்பில் பத்துப் பன்னிரண்டு. இதற்கே வாரம் முடிந்துவிடும். ஆப்பிளுக்கு மலைக்க வேண்டியதில்லை. பருவத்தில் வருவதை வாங்குங்கள். ஆடியில் நாவல், புரட்டாசி ஐப்பசியில் சீத்தா, குளிர்காலத்தில் ஆயக்குடிக் கொய்யா.

பழத்தை அறுப்பதற்கு முன் கழுவ வேண்டும், தர்பூசணி, முலாம்பழம் உட்பட. தோலை எறியத்தானே போகிறோம் என்று விட்டால், கத்தி தோலில் உள்ள கிருமியைச் சதைக்குள் இழுத்துச் செல்லும். நறுக்கியதை இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள், இல்லையென்றால் மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்து மறுநாளுக்குள் முடியுங்கள்.

எல்லோருக்கும் பொதுவல்லாத சில

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் அப்படியே பொருந்தாது. அவர்களுக்குக் கலோரியைவிடப் பொட்டாசியம் முக்கியம். 100 கிராம் வாழைப்பழத்தில் 350 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கிறது. ஒரு இளநீரில் 700ஐத் தாண்டலாம். ஆப்பிளிலும் அன்னாசியிலும் 100 அளவில்தான். அளவை மருத்துவர் குறித்துத் தர வேண்டும். ஸ்டார் ஃப்ரூட் என்று விற்கும் நட்சத்திரப் பழத்தை அவர்கள் தொடவே கூடாது. அதில் உள்ள நச்சைச் சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாமல் போனால் தீராத விக்கலில் தொடங்கி வலிப்பு, உயிரிழப்பு வரை போகும். அடோர்வாஸ்டாடின், சிம்வாஸ்டாடின் போன்ற கொலஸ்ட்ரால் மாத்திரை எடுப்பவர்கள் கிரேப்ஃப்ரூட்டையும் (திராட்சை அல்ல, ஆரஞ்சு வகைப் பழம்) பம்பளிமாஸையும் மருத்துவரிடம் கேட்காமல் வழக்கமாக்க வேண்டாம்.

இவ்வளவு நேரம் குறை சொன்ன ஜூஸுக்கும் ஒரு வேளை வரும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவருக்கு வியர்த்து, கை நடுங்கி, குளுக்கோமீட்டர் 70க்குக் கீழே காட்டினால் முழுப்பழம் தரக்கூடாது. நார் அங்கே தடை. விழுங்கும் நிலையில், தன்னினைவோடு இருந்தால் 150 மி.லி. பழச்சாறு அல்லது மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர், அதே 15 கிராம் கணக்குதான். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் எடுப்பவர்களுக்குச் சீனி வேலை செய்யாது, ஏனென்றால் சீனியை உடைக்கும் நொதியைத்தான் அந்த மாத்திரை தடுத்து வைத்திருக்கிறது. அவர்கள் வீட்டில் மருந்துக்கடை குளுக்கோஸ் பொடி ஒரு டப்பா எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.